யாருக்கு முதலில் தெரியும்?

(அண்மையில் பார்த்த சில திரைப்படங்களைப் பற்றி ரசிகர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அண்மைக் காலத்தில் பார்த்த சில திரைப்படங்களைப் பற்றி, பாண்டித்தியம் மிகுந்த ஆராய்ச்சியாக அல்லாமல், பார்த்தவன் மனத்தில் எழுந்த அபிப்பிராயங்களாகச் சாவகாசமாகப் பேசவேண்டும் என்று இச்சபையார் கேட்டுக்கொண்டபோது, அந்தச் சலுகையை நம்பியே நான் துணிந்து ஒப்புக்கொண்டேன். எடுத்துக்கொண்டிருக்கும் படங்கள் எட்டு. அவற்றுள் தமிழ்ப் படங்கள் இரண்டு, அமெரிக்கப் படங்கள் மூன்று, ஜப்பானியப் படங்கள் இரண்டு, இங்கிலாந்தில் எடுக்கப்பட்டது ஒன்று. 1931ஆம் ஆண்டுக்கும் 1964ஆம் ஆண்டுக்கும் இடையே வெளிவந்த இவை எல்லாமே பழைய படங்கள்தாம். சிலவற்றை முதல் முறையாகவும் சிலவற்றை நெடுங்காலத்துக்குப் பின் மறுபடியும் பார்த்தேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே அறிவித்துவிடுகிறேன்: படங்களின் முடிவுகளை நான் ஒளிக்கப் போவதில்லை. அதற்கு என்ன நியாயம் என்பதைப் பேச்சின் இறுதியில் சொல்கிறேன்.

திரைப்படங்களை வகைப்படுத்துவதற்கு நாம் வழக்கமாகக் கையாளும் முறை, கதையில் என்ன பொருள் இருக்கிறது என்று பார்ப்பதே ஆகும். கொலை இருந்தால் மர்மப் படம். பேய் இருந்தால் திகில் படம். வாள் இருந்தால் வீரப் படம். மாமியாரும் மருமகளும் இருந்தால் குடும்பப் படம். இந்த முறை விளம்பரத்துக்குப் போதும், ரசனைக்குப் போதாது. நான் பார்த்தவற்றுள் மூன்று படங்களுக்குக் கொலையே ஆதாரம். ஆயினும் அம்மூன்றும் மனத்தில் எழுப்பிய உணர்ச்சிகள் வெவ்வேறானவை. ஒன்று சந்தேகத்தை ஊட்டியது. ஒன்று நெஞ்சு படபடக்கச் செய்தது. மற்றொன்று நீதியைப் பற்றிச் சிந்திக்க வைத்தது. பொருள் ஒன்றாக இருந்தும் ரசம் வேறுபடுகிறது என்றால், அந்த வேறுபாட்டுக்குக் காரணம் பொருளில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது என்றுதானே கொள்ளவேண்டும்?

அக்காரணத்தைத் தேடியபோது எனக்குப் பிடிபட்ட கேள்வி மிகவும் சாதாரணமானது: கதையில் நிகழ்வது யாருக்கு முதலில் தெரிகிறது? படத்தில் வரும் பாத்திரத்துக்கா, பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கா, இருவருக்கும் ஒரே நேரத்திலா, அல்லது இருவருக்குமே தெரியாமல் போகிறதா? பந்தியில் யாருக்கு எதை எப்பொழுது பரிமாறுவது என்பதை அறிந்த பரிசாரகனைப் போல, கதையின் செய்திகளை யாருக்கு எப்பொழுது வழங்குவது என்பதை அறிந்தவனே நல்ல இயக்குநன் என்பதும், அவ்வழங்கும் முறையிலிருந்தே ஒரு படத்தின் இனம் பிறக்கிறது என்பதும் இன்றைக்கு நான் சொல்ல வந்த கருத்து.

இது முற்றிலும் புதிய கருத்து என்று நான் உரிமை கொண்டாடவில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்று காட்டும்போது, நகைக்கு உரிய நான்கனுள் பேதைமையையும் மடனையும் வைத்தார். மருட்கைக்கு உரிய நான்கனுள் புதுமையை வைத்தார். அறியாமை சிரிப்புக்கு நிலைக்களன், அதுவரை அறியாததைக் காண்பது வியப்புக்கு நிலைக்களன் என்று அன்றே வரையறுத்த ஒரு மரபில் பிறந்தவர்களுக்கு, உணர்ச்சிக்கும் அறிவுக்கும் உள்ள இந்தச் சம்பந்தம் விசித்திரமாகத் தோன்றாது.

முதலில் நம் தமிழ்ப் படம் ஒன்று. ஏவி.எம். நிறுவனத்தார் தயாரித்து, வீணை வித்வானும் பல கலைகளில் வல்லவருமான எஸ். பாலசந்தர் இயக்கி, 1954ஆம் ஆண்டு வெளிவந்த 'அந்த நாள்', பாட்டும் நடனமும் இன்றித் தமிழ்ப் படம் எடுக்க முடியாது என்று எல்லோரும் நம்பியிருந்த காலத்தில், ஒரே ஒரு பாட்டுக்கூட இல்லாமல் எடுக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில், 1943ஆம் ஆண்டு ஜப்பானியர் சென்னைமீது குண்டு வீசிய காலத்தை அது பின்னணியாகக் கொண்டது. சிவாஜி கணேசன் ஏற்ற ராஜன் என்ற ரேடியோ எஞ்சினியர், படம் தொடங்கிய உடனேயே துப்பாக்கிக் குண்டு பாய்ந்து நம் கண்ணெதிரே விழுந்து இறக்கிறான். சுட்டவர் யார் என்பது மட்டும் நமக்குக் காட்டப்படவில்லை. திரைக்கதையும் வசனமும் எழுதிய ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரி சிவானந்தமாகவும் வந்து, பக்கத்து வீட்டார், தம்பி, தம்பி மனைவி, ஆசை நாயகி, மனைவி என்று ஒவ்வொருவரையாக விசாரிக்க, ஒவ்வொருவரும் தத்தம் கோணத்திலிருந்து ஒரு ராஜனைக் காட்டுகிறார்கள்.

இங்கே செய்தியைக் கையில் வைத்திருப்பது படத்தில் வரும் ஒரு பாத்திரம். நாம் வாசலில் நிற்கிறோம். மர்மப் படத்தின் இலக்கணமே இதுதான். ஆனால் இவ்வகைப் படங்களில் பெரும்பாலானவை, முடிச்சு அவிழ்ந்ததும் உயிரிழந்துவிடுவதைப் போல 'அந்த நாள்' உயிரிழக்கவில்லை. தேசத்தின் ரகசியங்களை எதிரிக்கு விற்ற கணவனைச் சுட்டவள், தேசபக்தி மிகுந்த அவன் மனைவி உஷாவே என்பதை அறிந்துகொண்ட பிறகு, படத்தை மறுபடியும் பார்த்தால், முதல் முறை விதவையின் துக்கமாகத் தோன்றிய பண்டரிபாயின் முகம், இரண்டாம் முறை துக்கமும் குற்ற உணர்வும் கடமையுணர்வும் ஒன்றையொன்று வெல்ல முயலும் ரணகளமாகக் காட்சி தருகிறது. முதல் தடவை அவளைச் சந்தேகிக்க மறந்தோம். இரண்டாம் தடவை அவளுக்காகப் பயப்படுகிறோம். வெளிவந்த காலத்தில் வசூலில் தோற்றுப்போன அப்படத்தை இன்றும் நாம் தேடிப் பார்ப்பதற்கு, ரகசியத்துக்குப் பின்னால் ஒரு மனுஷி இருப்பதே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே 1954ஆம் ஆண்டில் ஆல்பிரட் ஹிட்ச்காக் எடுத்த 'ரியர் விண்டோ' என்ற படத்திலும் ஒரு கொலை இருக்கிறது. கால் முறிந்து, கட்டுப் போட்டுக்கொண்டு, சக்கர நாற்காலியில் கிடக்கும் ஒரு புகைப்படக்காரன், பொழுது போகாமல், பின்புற ஜன்னல் வழியே எதிர்வீட்டாரின் வாழ்க்கையைக் கவனித்துக்கொண்டிருக்கிறான்; அவர்களுள் ஒருவன் தன் மனைவியைக் கொன்றுவிட்டானோ என்ற சந்தேகம் அவனுக்கு எழுகிறது. ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்த இந்தப் பாத்திரத்தின் அறையை விட்டுக் காமிரா ஏறக்குறைய வெளியேறுவதே இல்லை. அவன் கண்டதையே நாமும் காண்கிறோம். அவன் ஊகித்ததையே நாமும் ஊகிக்கிறோம். ஓரிடத்தில் மட்டும் ஹிட்ச்காக் இந்த ஒப்பந்தத்தை மீறுகிறார்: நாயகன் நாற்காலியில் அயர்ந்து உறங்கும்போது, எதிர்வீட்டுக்காரன் கறுப்பு உடையணிந்த ஒரு பெண்ணுடன் வெளியே போவதை நமக்கு மட்டும் காட்டிவிடுகிறார். அந்தப் பெண்தான் மனைவியோ, அப்படியானால் கொலையே நிகழவில்லையோ என்ற ஐயம் நம்மைப் பிடித்துக்கொள்கிறது. விழித்தெழும் நாயகனோ அதை அறியாமல் தன் சந்தேகத்தை மேலும் வளர்த்துக்கொள்கிறான். அவனைவிட நமக்கு அதிகம் தெரியும். ஆனால் அந்த அதிகமான அறிவே நம்மைத் தவறான திசைக்கு இழுக்கிறது.

மேசைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பது பார்ப்பவர்களுக்குத் தெரியாமல் அது வெடித்தால் சில விநாடிகள் திடுக்கிடலாம் என்றும், தெரிந்திருந்தால் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் பேசும் அற்பமான சம்பாஷணைகூட நிமிஷக்கணக்கில் நம்மைத் தவிக்கச் செய்யும் என்றும் ஹிட்ச்காக் விளக்கியிருப்பது பிரசித்தம். அதை அவர் எப்படிச் செய்து காட்டுகிறார் என்பதற்கு, கிரேஸ் கெல்லி ஏற்ற காதலி, ஆளில்லாத நேரம் பார்த்துக் கொலைகாரனின் வீட்டுக்குள் நுழையும் கட்டத்தைச் சொல்லவேண்டும். அவன் திரும்பி வருவது நமக்கும் தெரிகிறது, நாயகனுக்கும் தெரிகிறது. அவளுக்கு மட்டும் தெரியவில்லை. நாற்காலியை விட்டு எழ முடியாத நாயகன், திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நம்மைப் போலவே, வெறும் பார்வையாளனாகச் சிறைப்பட்டுக் கிடக்கிறான். பிறகு, கொலையுண்டவளின் கல்யாண மோதிரம் தன் விரலில் இருப்பதை அவள் முதுகுப்புறமாகச் சைகை செய்து காட்ட, அதைக் கவனித்துவிட்ட கொலைகாரன் தலையை நிமிர்த்தி நேராக எதிர் ஜன்னலைப் பார்க்கிறானே, அந்தக் கணத்தில் பார்க்கப்பட்டவன் பார்த்தவனைக் கண்டுகொள்கிறான். இதுவரை பத்திரமான இருட்டில் ஒளிந்திருந்த நாமும் அவனோடு சேர்ந்து பிடிபடுகிறோம். திரைப்படம் பார்ப்பதைப் பற்றியே எடுக்கப்பட்ட திரைப்படங்களில் இதைவிடச் சாமர்த்தியமான ஒன்றை நான் கண்டதில்லை.

இனி ஹாஸ்யத்துக்கு வருவோம். ஸ்ரீதர் தம்முடைய சித்ராலயா நிறுவனத்தின் சார்பில் 1964ஆம் ஆண்டு வண்ணத்தில் எடுத்த 'காதலிக்க நேரமில்லை' படத்தில், மறைப்பு என்பது நமக்கு எதிராக அல்ல, ஒரே ஒரு மனிதருக்கு எதிராக நடத்தப்படுகிறது. டி.எஸ். பாலையா ஏற்ற எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன் பணத்தின்மேல் பக்தி கொண்டவர். அந்தப் பக்தியைப் பயன்படுத்திக்கொண்டு, ரவிச்சந்திரன் ஏற்ற அசோக் தன்னைக் கோடீசுவரன் மகன் என்று பொய் சொல்ல, அந்தப் பொய்யைக் காப்பாற்ற முத்துராமன் கிழவேஷம் பூண்டு கோடீசுவரத் தகப்பனாராக வந்து சேர்கிறார். வேஷம் வேஷம் என்பது நமக்குத் தெரியும், விஸ்வநாதனுக்குத் தெரியாது. இந்த இடைவெளியிலேயே சிரிப்பு முழுவதும் உற்பத்தியாகிறது. தொல்காப்பியர் சொன்ன மடன், எஸ்டேட் பங்களாவின் சோபாவில் உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் அப்படத்தில் எல்லோரும் நினைவு வைத்திருக்கும் காட்சி, ஆள்மாறாட்டம் சம்பந்தப்பட்டது அன்று. சினிமா எடுத்தே தீருவேன் என்று அலையும் மகன் செல்லப்பாவாக வரும் நாகேஷ், மூலதனம் கேட்கும் பொருட்டுத் தகப்பனாருக்கு ஒரு திகில் கதையைக் குரலாலும் முகத்தாலும் பலவித சப்தங்களாலும் சொல்லிக் காட்டுகிற காட்சியே அது. கதையில் விஷயம் ஒன்றும் இல்லை என்பது நமக்குத் தெரியும். கேட்கும் பாலையாவோ, கேள்வி கேட்பதையும் மறந்து, கண்கள் விரிய, உடம்பு நடுங்க, மெல்ல மெல்ல அச்சத்துக்குள் அமிழ்ந்துபோகிறார். அவர் அனுபவிப்பது திகில் படம்; நாம் அனுபவிப்பது நகைச்சுவைப் படம்; கதையோ ஒன்றே. ஒரே விஷயம், அறிந்தவனுக்குச் சிரிப்பாகவும் அறியாதவனுக்குப் பயமாகவும் ஒரே சமயத்தில் இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் வேண்டுமா? படத்தின் இனம் கதைப்பொருளில் இல்லை என்று நான் சொன்னதற்கு இந்தச் சில நிமிஷங்களே போதுமான சாட்சி.

பாத்திரத்துக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்தால் சிரிப்பு வரும் என்று அவசரப்பட்டு விதி வகுத்துவிட முடியாது என்பதைச் சார்லி சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' எனக்கு உணர்த்தியது. தமிழில் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' வெளிவந்த அதே 1931ஆம் ஆண்டில், உலகமெங்கும் சினிமா பேசத் தொடங்கிவிட்ட பிறகும், தாமே அமைத்த இசையை மட்டும் துணையாகக் கொண்டு சாப்ளின் வெளியிட்ட மௌனப் படம் அது. பூ விற்கும் குருட்டுப் பெண் ஒருத்தி, ஓர் ஏழை நாடோடியைப் பணக்காரன் என்று நம்பவேண்டும். பேச்சில்லாத படத்தில், பார்வையில்லாத பெண்ணுக்கு இந்தத் தவறான எண்ணத்தை எப்படி ஊட்டுவது? நெரிசல் மிகுந்த தெருவைக் கடப்பதற்காக நாடோடி, நின்றிருந்த ஒரு மோட்டார் காரின் ஒரு கதவில் ஏறி மறு கதவு வழியாக இறங்குகிறான். கதவு சாத்தும் ஓசை அவள் காதில் விழுகிறது. அவனிடம் பூவை விற்றுச் சில்லறை கொடுப்பதற்குள், காருக்குச் சொந்தக்காரன் வந்து ஏறிக்கொள்ள, வண்டி புறப்பட்டுவிடுகிறது. சில்லறை வாங்காமல் போய்விட்ட சீமான் என்று அவள் எண்ணிக்கொள்கிறாள். அந்த எண்ணத்தைக் கலைக்க மனமில்லாமல் அவன் அடிமேல் அடி வைத்து ஒதுங்கி அங்கேயே உட்கார்ந்திருக்கிறான். ஆள் இருப்பது அறியாமல் அவள் பாத்திரத்தைக் கழுவி அந்தத் தண்ணீரை அவன் முகத்திலேயே வீசுகிறாள்.

அத்தருணத்தில் நாம் சிரிக்கிறோம். ஆனால் அதே அறியாமை படத்தின் முடிவில் வேறு உருவம் கொள்கிறது. அவளுடைய கண் சிகிச்சைக்குப் பணம் தேடிக் கொடுத்து, அதன் பலனாகச் சிறைக்குப் போய், கந்தலாகத் திரும்பி வரும் அவனை, இப்பொழுது கண் பெற்றுப் பூக்கடைக்குச் சொந்தக்காரியாகிவிட்ட அவள், தன் உபகாரி என்று அறியாமல் வேடிக்கை பார்த்துச் சிரிக்கிறாள். இரக்கப்பட்டு ஒரு பூவும் ஒரு நாணயமும் கொடுக்கும்போது, அவன் கையைத் தொட்ட ஸ்பரிசத்தால் உண்மையைக் கண்டுகொள்கிறாள். விஸ்வநாதனுக்கு உண்மை தெரிந்துவிடக்கூடாதே என்று நாம் விரும்பினோம். இவளுக்கோ தெரியவேண்டும் என்றும் ஏங்குகிறோம், தெரிந்தால் அவள் முகம் எப்படி மாறுமோ என்றும் அஞ்சுகிறோம். ஹாஸ்யத்துக்கும் சோகத்துக்கும் அறிவின் ஏற்பாடு ஒன்றேதான். அறிந்துகொள்ளும் கணத்தைத் தள்ளிப்போட விரும்புகிறோமா, நெருங்கி வரவேண்டும் என்று விரும்புகிறோமா என்பதில்தான் பேதம் இருக்கிறது. குடிபோதையில் நாடோடியை உயிர்த் தோழனாகக் கட்டித் தழுவிக்கொண்டு, தெளிந்ததும் அவனை அடையாளமே தெரியாமல் விரட்டும் பணக்காரனையும் அதே படத்தில் சாப்ளின் வைத்திருக்கிறார். கண் இல்லாதவள் தொட்டு அறிந்ததை, கண் உள்ளவன் பார்த்தும் அறியவில்லை.

மறைப்பதற்கு ஒன்றுமே இல்லாமல், எல்லாச் செய்திகளையும் முதலிலேயே நம் கையில் கொடுத்துவிட்டு, அதன் பிறகும் மூன்று மணி நேரத்துக்கு மேலாக நம்மைக் கட்டிப்போடுகிற படம், அகிரா குரோசாவா 1954ஆம் ஆண்டு எடுத்த 'செவன் சாமுராய்'. நாற்பது கொள்ளைக்காரர்களிடமிருந்து தங்கள் கிராமத்தைக் காப்பாற்ற, குடியானவர்கள் சோறு மட்டுமே கூலியாகப் பேசி ஏழு போர்வீரர்களை அமர்த்திக்கொள்கிறார்கள். தலைவன் கம்பெய் முதலில் செய்வது வாளைத் தீட்டுவது அன்று; ஊரின் வரைபடத்தை எழுதுவது. எந்தப் பக்கம் வேலி, எந்தப் பக்கம் வயலில் தண்ணீர் நிரப்புவது, எந்தப் பாலத்தை உடைப்பது, எந்த ஒரு வழியை மட்டும் வேண்டுமென்றே திறந்துவைத்து எதிரியை ஒருவர் இருவராக உள்ளே விட்டு மடக்குவது என்பதையெல்லாம் அவன் தன் தோழர்களுக்கு விளக்குகிறான். உண்மையில் நமக்கே விளக்குகிறான். எதிரிகளின் தொகையை வட்டங்களாக ஒரு காகிதத்தில் எழுதி, இறந்தவர்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருகிறான்.

இந்தக் கணக்குச் சிரத்தையின் பயன், கடைசிநாள் போரில் தெரிகிறது. கொட்டும் மழையிலும் சேற்றிலும் குதிரைகளும் மனிதர்களும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரளும் அந்தக் குழப்பத்தில், நமக்கு மட்டும் குழப்பமே இல்லை. எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள், எந்த வழியாக வருகிறார்கள் என்பது தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, கொள்ளைக்காரர்களிடம் இருந்த மூன்று துப்பாக்கிகளில் இரண்டு மட்டுமே கைப்பற்றப்பட்டன என்பதும் தெரியும். ஆகவே, வாள்வீச்சில் நிகரில்லாத கியூஸோ வெட்டவெளியில் நிற்கும்போது, அந்த மூன்றாவது துப்பாக்கியை நினைத்து நம் மனம் பதைக்கிறது. அவனும், மிஃபுனே ஏற்ற கிக்குசியோவும் அதற்கே இரையாகிறார்கள். ஏழு பேரில் மாண்ட நால்வரும் குண்டுக்கே பலியானவர்கள். ஒருவரைக்கூட எதிரியின் வாள் கொல்லவில்லை. வீரத்தின் காலம் முடிந்துவிட்டது என்பதைக் குரோசாவா ஒரு வசனத்தாலும் சொல்லவில்லை. அந்தக் கணக்கை நாமே போட்டுக்கொள்ள விடுகிறார். யார் யாரை அடிக்கிறார் என்றே தெரியாதபடி காட்சிகளைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, சப்தத்தால் மட்டும் வேகத்தைக் காட்ட முயலும் சண்டைப் படங்களை எடுப்போர், இந்த வரைபடக் காட்சியை ஒருமுறை பார்ப்பது நல்லது.

இனி, எவருக்குமே தெரியாத உண்மையை ஆதாரமாகக் கொண்ட இரண்டு படங்கள். சிட்னி லூமெட் 1957ஆம் ஆண்டு இயக்கிய 'டுவெல்வ் ஆங்ரி மென்', தகப்பனைக் குத்திக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஓர் இளைஞனின் உயிரைப் பற்றி, பன்னிரண்டு ஜூரர்கள் ஓர் அறைக்குள் அடைபட்டு விவாதிப்பதே கதையாக அமைந்தது. நம் நாட்டில் 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு ஜூரி முறைக்கு இடமில்லாமல் போயிற்று. ஆகவே அந்தச் சடங்கு இன்றைய நமக்குச் சற்று அந்நியமாக இருக்கலாம். ஆயினும், பதினொருவர் குற்றவாளி என்று கை தூக்க, ஹென்றி ஃபாண்டா ஏற்ற ஒருவர் மட்டும் கை தூக்காமல் இருக்கும் தனிமை எந்த நாட்டாருக்கும் விளங்கும். படம் போகப்போக, காமிராவைப் படிப்படியாகத் தாழ்த்தியும், லென்ஸுகளை மாற்றிச் சுவர்கள் நெருங்கி வருவதாகத் தோன்றச் செய்தும், லூமெட் அந்த அறையை நம்மீது கவிழ்க்கிறார். கத்தி, மூக்குக்கண்ணாடியின் தழும்பு, ரயிலின் இரைச்சல் என்று ஒவ்வொரு சாட்சியமாக ஆட்டம் கண்டு, இறுதியில் குற்றவாளி அல்லன் என்று எல்லோரும் ஒருமனப்படுகிறார்கள். ஆனால் பையன் உண்மையில் கொன்றானா, இல்லையா? அது அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது, படமும் சொல்வதில்லை.

ஹென்றி ஜேம்ஸ் 1898ஆம் ஆண்டு வெளியிட்ட கதை ஒன்றை ஒட்டி ஜாக் கிளேட்டன் 1961இல் எடுத்த 'தி இன்னொசென்ட்ஸ்' படத்திலும் இதே நிலைதான். பெரிய மாளிகையில் இரண்டு குழந்தைகளுக்குப் போதிக்க வந்த ஆசிரியையாக டெபோரா கெர் நடிக்கிறார். இறந்துபோன இருவரின் ஆவிகள் குழந்தைகளை ஆட்கொண்டிருக்கின்றன என்று அவள் நம்புகிறாள். ஏரிக்கு அப்பால் நாணல்களுக்கிடையே, பட்டப்பகலில், கறுப்பு உடையில் ஓர் உருவம் நிற்பதை அவளோடு நாமும் பார்க்கிறோம். ஆனால் அது இருந்ததா, அவள் மனம் சிருஷ்டித்ததா? பாடம் படிக்கும் அறையில் அழுதுகொண்டிருந்த உருவம் மறைந்த பிறகு, பலகைமேல் ஒரு துளிக் கண்ணீர் ஈரமாக இருக்கிறது. சாட்சியம் ஒன்று கிடைத்துவிட்டது என்று எண்ணுவதற்குள், அந்த ஈரத்தையும் அவள் ஒருத்திதான் கண்டாள் என்பது நினைவுக்கு வருகிறது. பேயைக் காட்டி ஆவியிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்துப் பையனை அவள் வற்புறுத்த, அவன் அவள் கைகளிலேயே உயிரை விடுகிறான்.

இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தபோதுதான் இந்த ஒற்றுமை எனக்குப் புலப்பட்டது. இரண்டிலும் உண்மை தெரியாது. இரண்டிலும் ஒரு சிறுவனின் உயிர் வேறொருவரின் தீர்மானத்தில் ஊசலாடுகிறது. ஒன்றில், தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் அடக்கம் ஓர் உயிரைக் காப்பாற்றுகிறது. மற்றொன்றில், தெரியும் என்ற நிச்சயம் ஓர் உயிரைக் குடிக்கிறது. எனவேதான் ஒன்றை நீதிமன்றப் படம் என்கிறோம். மற்றொன்றைத் திகில் படம் என்கிறோம். பேயைவிட ஐயமற்ற மனமே பயங்கரமானது என்று அந்த ஆங்கிலப் படத்தைப் பார்த்தபின் எனக்குத் தோன்றிற்று.

எட்டாவதாக எஞ்சியிருப்பது, எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தும் எவரும் வாய் திறவாத படம். யசுஜிரோ ஓசு 1953ஆம் ஆண்டு எடுத்த 'டோக்கியோ ஸ்டோரி'யின் கதையை இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிடலாம். ஒனோமிச்சி என்ற ஊரிலிருந்து வயதான பெற்றோர், டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள், பிள்ளைகளுக்கு நேரமில்லை. ஊர் திரும்பியதும் தாய் இறந்துபோகிறாள். டாக்டரான மகனும், அழகு நிலையம் நடத்தும் மகளும் கொடியவர்கள் அல்லர், வேலை மிகுந்தவர்கள். தன் வாடிக்கையாளரிடம் பெற்றோரைக் கிராமத்திலிருந்து வந்த தெரிந்தவர்கள் என்று மகள் சொல்லிவிடுவதும், அவர்களை இரைச்சல் மிகுந்த அட்டாமி என்ற வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்பிவிடுவதும், பெற்றோருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அவர்கள் தங்கள் பிள்ளைகள் மற்றவர்களின் பிள்ளைகளைவிட நல்லவர்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, அறிந்ததை அறியாததாக்கிக்கொள்கிறார்கள். அன்போடு உபசரிப்பவள், போரில் மாண்ட மகனின் விதவையான நோரிகோ ஒருத்தியே. தாயின் சாவுக்கு வரும்போது மகள் துக்க உடையைக் கையோடு கொண்டுவருகிறாள், நோரிகோ கொண்டுவரவில்லை. அந்த ஒரு பெட்டியில் யார் எதை முன்கூட்டியே அறிந்திருந்தார்கள் என்பது அடங்கிவிடுகிறது. மர்மப் படத்தில் செய்தியை மறைப்பது படம். குடும்பப் படத்தில் செய்தியை மறைப்பது மரியாதை. நம் வீடுகளில் நடக்கும் எத்தனையோ சம்பாஷணைகளை உற்றுக் கேட்டால், ஓசுவின் படம் ஜப்பானியருக்கு மட்டும் உரியது அன்று என்பது விளங்கும்.

இப்பொழுது, முடிவுகளை ஒளிக்காமல் சொன்னதற்கு நான் வாக்களித்த நியாயத்துக்கு வருகிறேன். படம் பார்த்து வருகிறவனைக் கண்டதும், கதையைச் சொல்லிவிடாதே என்று காதைப் பொத்திக்கொள்வது இன்று ஒரு நாகரிகமாகிவிட்டது. புதிதாகப் பார்ப்பவனின் முதல் வியப்பைக் கெடுக்கக்கூடாது என்ற அளவில் அது நல்ல பண்புதான். ஆனால் முடிவு தெரிந்தால் படமே பயனற்றுப்போகும் என்று கருதுவது, கலையைப் பற்றிய மிகக் குறைந்த மதிப்பீடு. தெருக்கூத்தில் திரௌபதியின் துகிலை உரியும் இரவில், களத்தில் உட்கார்ந்திருக்கும் எவருக்கும் கதை தெரியாமல் இல்லை. விடியும் வரை அவர்கள் எழுந்து போவதும் இல்லை. சிலப்பதிகாரத்தின் பதிகம், காப்பியம் தொடங்குமுன்னரே கோவலன் கொலையுண்பதையும் மதுரை எரிவதையும் சொல்லிவிடுகிறது. அதன் பிறகும் அவன் சிலம்பைக் கையில் எடுத்துக்கொண்டு விடைபெறும்போது நம் நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது. கனப்பதற்குக் காரணமே, அவனுக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்திருப்பதுதான். நான் சொல்லிய எட்டுப் படங்களில் எதையும், நான் சொல்லிவிட்டதனால், நீங்கள் பார்க்காமல் விடவேண்டியதில்லை. அவ்வாறு கெட்டுப்போகக்கூடிய படமாக இருந்தால், அதைப் பற்றி இந்தச் சபையில் பேசியிருக்கவே மாட்டேன்.

நான் வகுத்துக்கொண்ட இந்த அளவுகோல் எல்லாவற்றையும் அளந்துவிடும் என்று சாதிக்கவில்லை. 1952ஆம் ஆண்டு வெளிவந்த 'சிங்கின் இன் தி ரெயின்' படத்தில் ஜீன் கெல்லி குடையை மடக்கிக்கொண்டு கொட்டும் மழையில் ஆடும்போது, யாருக்கு எது முதலில் தெரியும் என்று கேட்பவன் ரசிகன் அல்லன். அங்கே அறிவுக்கு வேலை இல்லை, தாளத்துக்கே வேலை. பாட்டையும் ஆட்டத்தையும் உயிராகக் கொண்ட நம் தமிழ்ப் படங்கள் பலவற்றையும் இந்தக் கேள்வியால் மட்டும் எடைபோட முனைவது அநியாயமாகும். ஆனால் கதையை நம்பி எழுந்த படம் ஒன்று ஏன் நம்மைப் பிடித்துக்கொண்டது, ஏன் நழுவவிட்டது என்று யோசிக்கும்போது, நடிப்பையும் ஒளிப்பதிவையும் பற்றிப் பேசத் தொடங்குமுன், இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். என் கருத்துக்கு மாறான உதாரணங்கள் உங்களிடம் இருக்கும். நான் பார்த்ததைவிட அதிகமான படங்களைப் பார்த்தவர்கள் இச்சபையில் பலர் உண்டு என்பதை அறிவேன். அவ்வுதாரணங்களை எடுத்துச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.